சின்னம்மா பால்குடம் எடுத்த பூசம்

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்தால், பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் அந்த வருடத்தில்தான் போய் நிற்கும். கரண்ட் போன அன்று யார் எங்கே இருந்தோம், மரவள்ளிக் கிழங்கை எத்தனை விதமாகத் தின்றோம், ஆற்றுத் தண்ணீரை எத்தனை துணியில் வடிகட்டினோம் என்று ஆளுக்கு ஒன்று சொல்வீர்கள். சிரிக்கவும் செய்வீர்கள். நான் மட்டும் காப்பி ஆறிவிட்டது என்று ஏதோ சாக்குச் சொல்லி எழுந்து போய்விடுவேன். ஏன் என்று நீங்கள் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். அன்று கோயில் வாசலில் நின்றவர்களில் சிலர் இன்னும் உயிரோடு இருக்கிறீர்கள். நீங்கள் பார்த்தது பாதிதான். மீதி என்னிடம் இருக்கிறது.

பிறகு பிறந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு நாள் மத்தியானம் நாடு முழுக்கக் கரண்ட் போனது, திரும்பி வரவில்லை. கிள்ளான் துறைமுகத்துக்குக் கப்பல் வருவது நின்றது. அதற்குப் பின்னால் காய்ச்சல் வந்தது. பிரிக்ஃபீல்ட்ஸில் எங்கள் ரயில்வே குவார்ட்டர்ஸில் பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. மிஞ்சியவர்கள் பழைய ரயில் பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு வந்து ரோட்டுக்குக் குறுக்கே நிறுத்தி, இடைவெளிகளில் லோரிகளைக் கவிழ்த்துப் போட்டு, அந்த மூலையை ஒரு கோட்டையாக்கிக்கொண்டார்கள். ஆற்றுப் பாலத்துப் பக்கம் ஒரே ஒரு கேட். ஸ்டேஷன் மாஸ்டராக இருந்த யாழ்ப்பாணத்துப் பெரியவர்தான் கமிட்டித் தலைவர். ரயிலே ஓடாத காலத்திலும் வெள்ளைக் கால்சட்டையும் தொப்பியுமாக வந்து காலையில் மணி அடிப்பார். எனக்கு அப்போது பதின்மூன்று வயது.

பயம் என்றால் கம்பெனி ஆட்களைப் பற்றிய பயம்தான். பீ ஜே என்று நாம் சொல்கிற பெட்டாலிங் ஜெயாவில் இருந்த ஒரு கம்பெனியில் அவர்களைச் செய்தார்கள். தோல், முடி, நகம் எல்லாம் நம்மைப் போலவே இருக்கும். நோயாளிகளைத் தூக்கவும் ரோடு போடவும் பெரிய வீடுகளில் பிள்ளை பார்க்கவும் வாங்கிக்கொண்டு போவார்கள். என் அம்மா அங்கேதான் வேலை செய்தார், கண் வைக்கிற லைனில். நாள் முழுக்கப் பூதக்கண்ணாடிக்குக் கீழே குனிந்து, கண்மணிக்குள் முடியைவிட மெல்லிய கம்பிகளை ஒட்டுவார். கரண்ட் போனதும் நாங்கள் நின்றுபோனோம், அவர்கள் நிற்கவில்லை. அவர்களுக்குள் இருக்கும் பேட்டரி பல வருடம் தாங்கும் என்றார்கள். பீ ஜே முழுக்க இப்போது அவர்கள்தான் என்றும், பூச்சோங் ஈயச் சுரங்கக் குட்டைகளின் கரையில் அசையாமல் வரிசையாக நிற்கிறார்கள் என்றும், பிள்ளைகளைப் பிடித்துத் தோலை உரித்துப் போட்டுக்கொள்கிறார்கள் என்றும் பேச்சு. செலாயாங்கிலிருந்து தப்பி வந்த காய்கறிக்காரர் ஒருவர் சொன்னதைக் கேட்ட பிறகு நான் தனியாகக் கக்கூசுக்குப் போனதில்லை. அண்ணன் வெளியே நின்று பாடிக்கொண்டே இருக்க வேண்டும். பாட்டு நின்றால் கத்துவேன்.

என் கண்ணால் அவர்களைக் கூட்டமாகப் பார்த்தது ஒரே ஒரு தடவை. தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி நின்றபோது ஆற்றுக்கு அந்தப் பக்கம் பத்துப் பன்னிரண்டு பேர் வந்தார்கள். நீலச் சட்டை, ஒரே நடை. தோளில் நீள நீளமாக இரும்புக் குழாய்கள். பீரங்கி என்று யாரோ கத்தினார்கள். எங்கள் ஆண்கள் மண்ணெண்ணெய்ப் பாட்டில்களில் திரி வைத்து எறிந்தார்கள். நீலச் சட்டைகள் எரிந்தன. எரிந்துகொண்டே அவர்கள் குழாய்களை மெதுவாகக் கீழே வைத்தார்கள், உடையக் கூடாது என்பது போல. கைதட்டியவர்களில் நானும் ஒருத்தி. பல வருடம் கழித்துத்தான் புரிந்தது: அவர்கள் தண்ணீர்க் குழாய் மாற்றும் வேலைக்கு வாங்கப்பட்டவர்கள். வேலையை நிறுத்துங்கள் என்று யாரும் சொல்லாததால் குழாய் மாற்றிக்கொண்டே வந்திருக்கிறார்கள். இன்னும் நூறடி வந்திருந்தால் எங்களுக்குத் தண்ணீர் கிடைத்திருக்கும்.

கேட்டுக்கு வருகிற புது ஆளை ஊசி போட்டுப் பார்த்துத்தான் உள்ளே விடுவார்கள். வேறொன்றுமில்லை, சாதாரணத் தையல் ஊசி. விரல் நுனியில் குத்தி அழுத்துவார் ஸ்டேஷன் மாஸ்டர். ரத்தம் வந்தால் கஞ்சி கொடுப்பார்கள். வராவிட்டால் பாராங் கத்தியோடு நிற்கிற நாலு பேர் இருக்கிறார்கள். ஒரு தடவை ஒருவருக்கு ரத்தம் வராமல் போனபோது அம்மா என் முகத்தைத் தன் வயிற்றோடு சேர்த்து அழுத்திக்கொண்டார். சத்தம் மட்டும் கேட்டது. தகர டின்னை நசுக்குகிற சத்தம்.

பக்கத்து வீட்டில் என் தோழியும் அவளுடைய சின்னம்மாவும் இருந்தார்கள். தோழியின் அம்மா அவள் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே போய்விட்டார். அப்பா சிக்னல் ரிப்பேர்க்காரர். பந்திங் பக்கம் ஒரு தோட்டத்தில் இரண்டாம் கல்யாணம் செய்துகொண்டேன் என்று சொல்லி, கரண்ட் போவதற்கு முன்பே ஒரு நாள் சின்னம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தார். காய்ச்சலில் அவரும் போன பிறகு, அவளுக்கு இவர், இவருக்கு அவள் என்றாகிவிட்டது. எனக்கும் அவர் சின்னம்மாதான். ஒல்லி, மாநிறம், அதிகம் பேசமாட்டார். சனிக்கிழமை தோறும் எங்கள் இரண்டு பேரையும் பின்வாசல் படியில் உட்கார வைத்துப் பேன் பார்ப்பார். ஒரு பேன் தப்பாது.

அது மழைக்காலம். ஒரு மத்தியானம் காற்றில் அவர்கள் வீட்டுக் கூரைத் தகரம் ஒன்று பிய்த்துக்கொண்டு பறந்தது. அதன் நேர் கீழே நான் நின்றேன். சின்னம்மா குறுக்கே வந்து கையால் தடுத்தார். தகர விளிம்பு முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை கிழித்தது. தோல் ஒரு சட்டைக் கை போலத் திறந்துகொண்டது. உள்ளே வெள்ளையாக, உலர்ந்து, இரண்டு மெல்லிய கம்பிகள் தெரிந்தன. மழைத் தண்ணீர் அதன் மேல் ஓடியது. ரத்தம் என்று ஒரு சொட்டு இல்லை.

"பயப்படாதம்மா. உனக்கு ஒண்ணும் ஆகலல்ல?" என்றார்.

எனக்கு நின்ற இடத்திலேயே மூத்திரம் போய்விட்டது. தோழிதான் என்னை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள். அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. கம்பெனி தூக்கிப் போட்ட பழுதான ஆளை அவள் அப்பா கொண்டு வந்து, ரிப்பேர் செய்து, சேலை கட்டச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். சாகும்போதுதான் அவளிடம் சொன்னாராம்.

"சொல்லிடுவியா லா?" என்றாள் தோழி.

"தெரியலடி. எனக்கு பயமா இருக்கு."

"எனக்கு இவங்கள விட்டா யாரும் இல்ல. சொன்னேன்னா அடிச்சே நொறுக்கிருவானுங்க. கற்பூரம் அடிச்சு சத்தியம் பண்ணு."

சாமி மாடத்தில் மிச்சமிருந்த ஒரு துண்டுக் கற்பூரத்தை ஏற்றினாள். நான் கையை வைத்துச் சத்தியம் செய்தேன். மூலையில் உட்கார்ந்து சின்னம்மா ஊசி நூலால் தன் கையைத் தானே தைத்துக்கொண்டிருந்தார். தையல் நேராக இருந்தது.

அதற்குப் பிறகு வந்த சனிக்கிழமைகளை நான் எப்படிக் கழித்தேன் என்று எனக்குத்தான் தெரியும். போகாவிட்டால் அம்மா காரணம் கேட்பார். போனால் அந்த விரல்கள் என் தலைக்குள் நுழையும். அவை சூடாக இருந்தன, அம்மாவின் விரல்களைவிடச் சூடாக. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். இந்த விரல்களால் என் மண்டையை நசுக்க எவ்வளவு நேரமாகும் என்று கணக்குப் போடுவேன். அவரோ, "இங்க புண்ணு இருக்கு, வேப்பெண்ணெய் போட்டுக்க" என்பார். அவர் இதுவரை யாருக்கும் ஒரு கெடுதலும் செய்ததில்லை என்று புத்தி சொல்லும். உடம்பு கேட்காது.

தை பிறந்தது. குவார்ட்டர்ஸில் இரண்டு மூன்று பிள்ளைகளுக்குக் காய்ச்சல் திரும்பியது. அதே வாரம் கைப்பம்பு உடைந்தது. துருப்பிடித்த பம்பு, உடையாமல் என்ன செய்யும்? ஆனால் உள்ளேயே கம்பெனி ஆள் இருக்கிறது, அதுதான் தண்ணீரில் எதையோ கலக்கிறது என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். ஸ்டேஷன் மாஸ்டர் மணி அடித்து எல்லாரையும் கூட்டினார்.

"ஒருத்தரும் பயப்பிடத் தேவையில்லை. பூசம் முடிஞ்ச அடுத்த நாள் எல்லாருக்கும் ஊசி பாக்கப் போறம். சின்னப் பிள்ளையளுக்கும் தான், எனக்கும் தான். ஒளிக்கிறதுக்கு ஒண்டும் இல்லாதவை ஏன் பயப்பிட வேணும்?"

தோழி என் கையைப் பிடித்தாள். அவள் நகம் என் உள்ளங்கையில் பதிந்தது. சின்னம்மா மற்றப் பெண்களோடு நின்று தலையாட்டிக்கொண்டிருந்தார்.

அதற்கப்புறம் நடந்ததற்கு யோசனை சொன்னது நான்தான். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அம்மா காய்ச்சலில் பிழைத்து எழுந்ததற்காக அண்ணன் காவடி எடுப்பதாக வேண்டியிருந்தான். பத்துமலைக்குப் போக வழியில்லை. எங்கள் கோயிலிலேயே எடுப்பதாக ஏற்பாடு. அவனுக்கு விரதச் சோறு போடும்போது அம்மா தினமும் ஒன்றைச் சொல்வார்: "கன்னத்துல வேல் குத்தறப்ப ஒரு பொட்டு ரத்தம் வரக் கூடாதுய்யா. வந்தா விரதம் சரியில்லைனு அர்த்தம்." நம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். அருள் வந்து நிற்கிற உடம்பில் குத்தினால் ரத்தம் வராது. வருடா வருடம் பார்த்து வளர்ந்திருக்கிறோம். ஒரு நாள் அதைக் கேட்டுக்கொண்டே பானையைத் தேய்த்தபோது என் கை நின்றுவிட்டது.

ஓடிப்போய்த் தோழியிடம் சொன்னேன். "சின்னம்மாவ பால்குடம் எடுக்கச் சொல்லு. நாக்குல வேல் குத்துவாங்க. ரத்தம் வராது. எல்லாரும் சாமின்னு நெனைப்பாங்க. அதுக்கு மறுநாள் யாரு போய் அவங்களுக்கு ஊசி போடுவா?"

தோழி என்னையே பார்த்தாள். பிறகு கட்டிக்கொண்டு அழுதாள்.

சின்னம்மா முதலில் மறுத்தார். "எனக்கு சாமி வராதும்மா. வராதத வந்துச்சுன்னு சொல்லலாமா?" என்று கேட்டார். கேலி இல்லை, உண்மையாகவே கேட்டார். சொல்லலாம், உயிர் போகிற விஷயம் என்று நாங்கள் அடித்துச் சொன்ன பிறகு ஒப்புக்கொண்டார். பின்கட்டில் கதவைச் சாத்திக்கொண்டு அவருக்குச் சாமி ஆடக் கற்றுக்கொடுத்தோம். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது.

"அப்படி இல்ல சின்னம்மா. மொதல்ல வெரலு நடுங்கணும். அப்புறம் தோளு."

"எவ்வளவு நேரம்?"

"நேரமெல்லாம் இல்ல! தானா வரணும்!"

"தானா வர்றது எவ்வளவு நேரத்துல வரும்?"

தோழி பிஸ்கட் டின்னைத் தட்டினாள், நான் வேல் வேல் என்றேன், அவர் ஆடினார். இரண்டு நாளில் எங்கள் தெருவில் அருள் வருகிற எல்லாப் பெண்களின் ஆட்டத்தையும் தனித்தனியாக ஆடிக் காட்டினார். என் அம்மா ஆடுவது போல ஆடியபோது நான் போதும் போதும் என்று கத்திவிட்டேன்.

பூசத்தன்று காலையில் வெயில் இருந்தது. தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் குளித்து, மஞ்சள் கட்டிக்கொண்டு, கோயில் வாசலுக்கு நடந்து வந்து வேல் குத்திக்கொள்வதாக ஏற்பாடு. ஒரே ஒரு உறுமி மேளம், மற்றதெல்லாம் மண்ணெண்ணெய் டின். பாலுக்குக் கமிட்டி பூட்டி வைத்திருந்த பால் டின்களை உடைத்துத் தண்ணீரில் கரைத்தார்கள். அந்த இனிப்பு வாசனைக்குப் பிள்ளைகள் சுற்றிச் சுற்றி வந்தார்கள். முப்பது வருடம் வேல் குத்திய பழைய பூசாரி காய்ச்சலில் போய்விட்டார். அவருடைய மருமகன் கையில்தான் வேல். அவர் அதுவரை எலுமிச்சம்பழம் நறுக்கிக் கொடுத்தவர். அவர் கை நடுங்கியதை அன்று கவனித்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். எனக்குத்தான் எதைப் பார்த்தாலும் பயமாக இருந்ததே.

பெண்கள் முதலில். சின்னம்மாவின் முறை வந்தது. மேளம் ஏறியது. விரல் நடுங்கும், பிறகு தோள் என்று நான் மனத்துக்குள் எண்ணிக்கொண்டு நின்றேன். விரல் நடுங்கவில்லை. அவர் சும்மா நின்றார். கண்ணிலிருந்து தண்ணீர் மட்டும் வழிந்தது, நாங்கள் கற்றுக்கொடுக்காத ஒன்று. என் அம்மா போன்றவர்கள் ஒட்டிய கண்ணில் தண்ணீர் வர வழி இருந்ததா என்று எனக்கு இன்றும் தெரியாது. அவர் நாக்கை நீட்டினார். வேல் இறங்கியது. வெள்ளித் துண்டு வெயிலில் மின்னியது. ரத்தம் இல்லை.

கூட்டம் வெற்றிவேல் என்று முழங்கியது. பெண்கள் குலவை இட்டார்கள். காய்ச்சல் பிள்ளையைத் தூக்கி வந்து அவர் காலடியில் போட்டாள் ஒருத்தி. பாராங் கத்திக்காரர் ஒருவர் அவர் கால் மண்ணை எடுத்து நெற்றியில் பூசிக்கொண்டார். ஸ்டேஷன் மாஸ்டர் தொப்பியைக் கழற்றினார். தோழி கூட்டத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து என்னைப் பார்த்துச் சிரித்தாள். பல மாதத்துக்குப் பிறகு அவள் பல் தெரிந்தது. அப்படியொரு சந்தோஷம் எனக்கும் அதற்குப் பிறகு வரவில்லை.

அடுத்து அண்ணன். கண் செருகி, உடம்பு முறுக்கி, உண்மையாகவே அருள் வந்து நின்றான். பூசாரி மருமகன் இடது கன்னத்தில் வேலை வைத்துத் தள்ளினார். வேல் பாதியில் நின்றது. மறுபடி தள்ளினார். அண்ணன் வாயிலிருந்து ரத்தம் கொட்டியது. தாடையில் வழிந்து, மார்பில் வழிந்து, மஞ்சள் வேட்டியில் பரவியது.

மேளம் நின்றுவிட்டது.

"விரதம் கெட்டவன்!" என்று ஒரு குரல். "கவிச்சி தின்னுட்டு காவடி தூக்கிட்டான். பிள்ளைங்களுக்குக் காய்ச்சல் வராம என்ன செய்யும்?"

"இவனாலதான் பம்பு உடைஞ்சது!"

"வெளிய தள்ளுங்க! கேட்டுக்கு வெளிய தள்ளுங்க! ஊரே நாசமாப் போயிரும்!"

"கொஞ்சம் பொறுங்கோ, ரத்தம் வந்தது நல்லம் தானே..." என்று ஸ்டேஷன் மாஸ்டர் தொடங்கினார். யார் கேட்டார்கள்? ரத்தம் வருகிறதா என்று பார்த்துத்தான் ஆளை உள்ளே விட்ட அதே ஜனம், ரத்தம் வந்ததற்காக என் அண்ணனைத் தரதரவென்று இழுத்தது. அம்மா மண்ணில் விழுந்து கும்பிட்டார். அண்ணனுக்கு அருள் போய்விட்டது. வலியிலும் பயத்திலும் சின்னப் பிள்ளை மாதிரி அலறினான். கேட்டுக்கு வெளியே, வாயில் ரத்தத்தோடு, கம்பெனி ஆட்கள் நடுவில் அவன் நிற்பது போல என் மனக்கண்ணில் தெரிந்தது. அது ஒன்றுதான் தெரிந்தது.

நான் கத்தினேன்.

"மனுசனுக்குத்தான் ரத்தம் வரும்! எங்க அண்ணன் மனுசன்! சின்னம்மாவுக்கு வரல, ஏன்னா அவங்க கம்பெனி ஆளு! கையில தையல் இருக்கு, பாருங்க!"

அம்மாவின் கை என் வாயைப் பொத்தியது. பல் உதட்டில் குத்தி எனக்கும் ரத்தம் வந்தது. அப்புறம் ஒரு பெண் என்னை ஓங்கி அறைந்தாள். "சாமியப் பாத்து என்ன பேச்சுடி பேசுற!" யாரும் நம்பவில்லை. அவர்கள் சின்னம்மா பக்கம் திரும்பிக் கைகூப்பினார்கள். "தாயே, நீயே சொல்லு. இந்தப் பிள்ளை சொல்றது பொய்தானே? இந்தப் பையன் உள்ள இருக்கலாமா?"

அவர் பேசாமல் இருந்திருக்கலாம். நாக்கில் வேல் இருந்தது. பேசாதது விரதமாகவே ஆகியிருக்கும். ஒரு தலையசைப்புப் போதும், நான் பொய்க்காரி. பொய் சொல்லத் தெரியாதவரும் அல்ல. பந்திங் தோட்டத்தில் பிறந்தேன் என்று எல்லாரிடமும் சொன்னவர்தான். அவர் அண்ணனைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பால்குடத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் நாக்கிலிருந்து வேலைத் தானே உருவினார்.

"பிள்ளை பொய் சொல்லல. அவ அண்ணனுக்கு வந்தது நல்ல ரத்தம். வேல் மழுங்கியிருந்துச்சு. துணிய அழுத்திப் புடிங்க, நின்னுடும்."

கூட்டம் அப்படியே பின்வாங்கியது. கால் மண் பூசியவர் நெற்றியை உள்ளங்கையால் தேய்த்துத் தேய்த்துத் துடைத்தார். பாராங் கத்திகள் எழுந்தன. ஸ்டேஷன் மாஸ்டர் நடுவில் வந்து இரண்டு கையையும் விரித்தார்.

"ஒருத்தரும் தொட வேண்டாம். கேட்டைத் திறவுங்கோ. அது நடந்து போகட்டும்."

சின்னம்மா பால்குடத்தைக் கோயில் படியில் சிந்தாமல் இறக்கி வைத்தார். அந்தப் பாலை யாரும் சாமிக்கு ஊற்றவும் இல்லை, குடிக்கவும் இல்லை. டின் மூடியைக்கூட நக்கிய காலத்தில் அது அங்கேயே திரிந்து நாறியது.

தோழி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து ஸ்டேஷன் மாஸ்டர் முன்னால் விரலை நீட்டினாள். "எனக்கும் குத்துங்க." அவர் வேண்டாம் பிள்ளை என்றார். "குத்துங்க!" என்று கத்தினாள். குத்தினார். சிவப்பாக ஒரு பொட்டு எழும்பியது. அதை எல்லாருக்கும் காட்டினாள். அம்மா ஓடிப்போய் அவள் தோளைப் பிடித்தார். "நீ எங்க வூட்ல இரும்மா. எம் பிள்ளையாட்டம் இரு." தோழி அம்மாவின் கையை மரியாதையாக எடுத்துவிட்டாள். ரத்தம் காயாத விரலோடு சின்னம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டைப் பார்த்து நடந்தாள். என்னைக் கடந்துதான் போனாள். திட்டுவாள், துப்புவாள் என்று நின்றேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அண்ணன் அன்று பிழைத்தான். நல்லபடியாக வாழ்ந்து போய்ச் சேர்ந்தான். கன்னத் தழும்பைத் தடவிக்கொண்டு, நீ செய்தது சரிதான் என்று சாகும் வரை சொன்னான். அவன் சொல்லித்தானே ஆக வேண்டும். அம்மா ஒரு வார்த்தை சொன்னதில்லை. கண் வைக்கிற லைனில் அத்தனை வருடம் குனிந்து கிடந்தவருக்குப் பக்கத்து வீட்டுக்காரியின் கண்ணை அடையாளம் தெரியாமலா இருந்திருக்கும்? என் வாயைப் பொத்திய கை என்னை அடக்க வந்தது என்றுதான் அன்று நினைத்தேன். பெற்ற மகனை இழுத்துக்கொண்டு போகும்போதும் அம்மா அந்த ரகசியத்தைக் காப்பாற்றத்தான் பார்த்திருக்கிறார் என்பது எனக்கே பிள்ளை பிறந்த பிறகுதான் உறைத்தது. கேட்கலாம் என்று போனபோது அம்மா இல்லை.

கரண்ட் திரும்பி, ரோடு திறந்து, பீ ஜேவுக்கு பஸ் விட்ட முதல் மாதமே போய்ப் பார்த்தேன். பழைய கம்பெனிக் கட்டடங்களில் ஒருத்தரும் இல்லை. ஒரு பெண்பிள்ளையும் ஒல்லியான ஒரு அம்மாவும் வந்தார்களா என்று கடைகடையாகக் கேட்டேன். உங்களில் யாராவது எங்காவது பார்த்திருந்தால் சொல்லுங்கள். வெட்கப்படாமல் கேட்கிறேன்.

அன்று நடந்ததில் இன்னும் ஒன்று பாக்கி. கேட்டின் சங்கிலியை அவிழ்க்கும்போது நான் அவர்களுக்குப் பின்னால் ஓடினேன். மன்னிப்புக் கேட்க என்று சொன்னால் பொய். எதற்கு ஓடினேன் என்று தெரியாது. பாராங்காரர்கள் விலகி நின்றார்கள். மேகம் கறுத்துவிட்டிருந்தது. சின்னம்மா மட்டும் திரும்பினார். எப்போதும் பார்ப்பது போலத்தான் என்னைப் பார்த்தார்.

"மழை வரப் போகுதும்மா. பின்னால கொடியில துணி கெடக்கு. எடுத்து வச்சிரு."

அவர்கள் பாலத்தில் ஏறினார்கள். கேட்டைச் சாத்திவிட்டார்கள். நான் ஓடிப்போய்க் கொடியிலிருந்த துணிகளை எடுத்தேன். சின்னம்மாவின் இரண்டு சேலை, ஒரு துண்டு, பள்ளிக்கூடமே இல்லாத காலத்திலும் தோழி வாராவாரம் துவைத்துப் போட்ட நீலச் சீருடை. படி ஏறுவதற்குள் தகரத்தில் மழை இறங்கியது. பாலத்தில் ஒதுங்க இடமில்லை. அவர்களிடம் குடையும் இல்லை. நான் ஒவ்வொன்றாக உதறி, ஓரம் சேர்த்து, மடித்து அவர்கள் கட்டிலில் அடுக்கினேன். ஒரு துணிகூட நனையவில்லை.